அப்பத்தா பாட்டும் 1.2 மி.மீ. பிளாஸ்டிக்கும்

போன தடவை ஊருக்குப் போனப்ப டிரங்குப் பெட்டிக்குள்ள ஒரு சிடி கிடைச்சது. மேல பால்பாயிண்ட் பேனாவால என் கையெழுத்து: "அப்பத்தா பாட்டு". திருச்சுழிப் பக்கம் எங்க கிராமத்துல களையெடுக்கறப்ப அப்பத்தா பாடுற நாலு பாட்டு. கேசட்டுல இருந்ததை 2004-ல அருப்புக்கோட்டையில ஒரு கடையில குடுத்து சிடியா மாத்தினேன். கேசட் எப்பவோ போயிருச்சு.

அடிப்பக்கம் கண்ணாடியாட்டம் மின்னுது, ஒரு கீறல் இல்லை. ஆனா மூணு பாட்டு ஓடிட்டு, நாலாவதுல திக்கித் திக்கி நின்னுபோச்சு. ஏன்னு தோண்டப் போய்த்தான் இந்த பிளாஸ்டிக்கோட கதை தெரிஞ்சது.

அதோட பேரு பாலிகார்பனேட். 1953-ல ஜெர்மனியில பேயர் கம்பெனியில ஹெர்மன் ஷ்னெல், அதே வருஷம் அமெரிக்காவுல ஜெனரல் எலக்ட்ரிக்கில டேனியல் ஃபாக்ஸ், ரெண்டு பேரும் தனித்தனியா கண்டுபிடிச்சாங்க. அப்ப யாருக்கும் சிடி நினைப்பே கிடையாது.

1982-ல பிலிப்ஸும் சோனியும் சிடியை சந்தைக்குக் கொண்டு வந்தாங்க. அதுக்கு முந்தி வந்த பெரிய லேசர் டிஸ்க் அக்ரிலிக்ல செஞ்சது. ஒளி விஷயத்துல அக்ரிலிக் தங்கம். ஆனா ஈரத்தை உறிஞ்சி வளையும். லேசர் டிஸ்க்ல ரெண்டு தட்டை முதுகோட முதுகு ஒட்டியிருந்ததால ஒண்ணு இழுத்தா இன்னொண்ணு பிடிச்சுக்கும். சிடி ஒத்தைத் தட்டு, அப்பளம் மாதிரி நெளிஞ்சிரும். அதனால ஈரம் அதிகம் குடிக்காத, சூடு தாங்குற பாலிகார்பனேட்டுக்கு வந்தாங்க.

வந்த இடத்துல வேற வில்லங்கம். அருப்புக்கோட்டைத் தெருவுல பாவு இழுத்துக் கட்டுறதைப் பார்த்திருப்பீங்க. ஒரு பக்கம் இழுவை கூடினா நெசவுல காட்டிக் குடுத்துரும். இதுவும் அப்படித்தான். உருக்கின பாலிகார்பனேட்டை அச்சுக்கு நடுவுல பாய்ச்சுறப்ப, ஓடின திசையில மூலக்கூறுகள் இழுபட்டு அப்படியே உறைஞ்சு நிக்கும். அதுக்குள்ள போற ஒளி திசைக்கு ஒரு வேகத்துல போகும். இரட்டை ஒளிவிலகல்னு பேரு. போய்த் திரும்புற ஒளியில இந்த வித்தியாசம் 100 நானோமீட்டரைத் தாண்டக் கூடாதுன்னு விதியே வச்சாங்க. அதுக்காகவே சுலபமா ஓடுற தனி ரக பாலிகார்பனேட் செய்ய வேண்டியிருந்துச்சு.

எனக்குப் பிடிச்ச சங்கதி இனிமேதான். சிடியில அந்த 1.2 மி.மீ. பிளாஸ்டிக் வெறும் மூடி இல்லை, லென்ஸோட ஒரு பகுதி. காத்துல 780 நானோமீட்டரா இருக்கற லேசரோட அலைநீளம், ஒளிவிலகல் எண் 1.55 இருக்கற பிளாஸ்டிக்குக்குள்ள 500 சொச்சமா சுருங்கிரும். பள்ளத்தோட ஆழம் அதுல ஏறக்குறைய கால்வாசி. பள்ளத்துல பட்டுத் திரும்புற ஒளியும் பக்கத்து மேட்டுல பட்டுத் திரும்புற ஒளியும் ஒண்ணை ஒண்ணு அடிச்சு மங்கிரும். அந்த மாற்றத்தை வச்சுத்தான் சிடி படிக்குது.

பிளாஸ்டிக்குள்ள நுழையறப்ப லேசர் வட்டம் 0.8 மி.மீ. அகலம். தகவல் இருக்கற இடத்துக்குப் போறப்ப மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ரெண்டு பங்குக்கும் கம்மி. அதனால அடியில இருக்கற தூசியும் சின்னக் கீறலும் அதுக்குத் தெரியவே தெரியாது. ஜன்னல் கம்பி வழியா தூரத்துக் கோபுரத்தைப் பார்க்கறப்ப கம்பியா கண்ணுக்குத் தெரியுது?

அப்ப தகவல் எங்க இருக்கு? மேல, நாம பேர் எழுதற பக்கம். நாம பதிவு பண்ற சிடியில பிளாஸ்டிக்குக்கு மேல ஒரு சாயப் பூச்சு, அதுக்கு மேல உலோகப் பூச்சு, அதுக்கு மேல தலைமுடியை விட மெல்லிசா ஒரு வார்னிஷ். அவ்வளவுதான் காவல். நான் என்ன பண்ணேன்? கண்ணாடிப் பக்கத்துக்குக் கீறல் விழுந்துரும்னு பொத்திப் பொத்தி வச்சு, மேல பால்பாயிண்ட்டை அழுத்தி எழுதியிருக்கேன். பத்தாததுக்கு தகரக் கூரைக்கு அடியில நம்மூர் வெயில். சாயத்துக்கு அது ஆகவே ஆகாது.

(டிவிடி தப்பிச்சது. 0.6 மி.மீ. தட்டு ரெண்டை ஒட்டி, தகவலை நடுவுல வச்சுட்டாங்க.)

நம்ம நாட்டுல இந்த வேலையில பெரிய கை மோசர் பேயர். 1983-ல டெல்லியில ஆரம்பிச்சு, ஃப்ளாப்பி செஞ்சு, 1999-ல சிடிக்கு வந்தாங்க. அப்புறம் தமிழ்ப் பட விசிடி 28 ரூபா, டிவிடி 34 ரூபான்னு இறக்கினப்ப திருட்டு விசிடிக்காரனே அசந்துட்டான். நம்ம கரிசல் பக்கத்துக் கதையான 'பூ' படத்தோட (2008) தயாரிப்புலயும் அவங்க உண்டு. பென் டிரைவும் இண்டர்நெட்டும் வந்து, 2018-ல கம்பெனியைக் கலைக்க உத்தரவாயிருச்சு.

சிடியை டியூப்லைட்டுக்கு நேராப் பிடிச்சுப் பார்த்தேன். 'அப்பத்தா'ங்கற எழுத்துக்கு நேரா ஊசி முனை ஊசி முனையா வெளிச்சம் தெரிஞ்சது. வேற டிரைவுல மெதுவா ஓட விட்டதுல மூணு பாட்டையும் காப்பி எடுத்துட்டேன். நாலாவது வரலை. அத்தைக்குப் போன் போட்டுக் கேட்டா, மெட்டு நல்லாத் தெரியுதாம், நடுவுல வார்த்தைதான் வர மாட்டேங்குதாம். பொங்கலுக்குப் போறப்ப மெட்டையாவது பாடச் சொல்லிப் பதிவு பண்ணணும்.