பொன்வண்டு

திண்டுக்கல், வேடசந்தூர்ப் பக்கத்து மேட்டாங்காடுகளில், மழைக்குப் பின் வேலமரங்கள் தளிர்க்கும் நாட்களில் தென்படும் வண்டு. நீளம் ஏறத்தாழ ஒன்றரை அங்குலம். இது அடங்கிய ஸ்டெர்னோசெரா பேரினத்தின் இரண்டு இனங்களைத் தமிழ்நாட்டில் பார்க்கலாம். ஒன்று உடல் முழுக்கப் பச்சை, மேலே வெண்புள்ளிக் குழிகள். இதற்கு 1758இல் லின்னேயசு பெயரிட்டார். மற்றொன்றுக்குக் கழுத்து பச்சை, இறக்கை செம்பழுப்பு. 1775இல் அவருடைய மாணவர் ஃபேப்ரிசியசு விவரித்தார். ஊர்ப் பிள்ளைகளுக்கு இரண்டும் பொன்வண்டுதான்.

தீப்பெட்டியில் பொன்வண்டு வளர்க்காத கிராமத்துப் பிள்ளை ஒரு காலத்தில் அரிது. கருவேல இலையோ கொடுக்காப்புளி இலையோ போட்டு மூடி வைப்பார்கள். திறந்தால் கொக்கிக் கால்களால் விரலைக் கவ்விக்கொள்ளும். சில நாளில் அரிசிமணி போல முட்டையிடும். அந்த முட்டை பொரித்துக் குஞ்சு வரும் என்று காத்திருந்து ஏமாந்தவர்கள் ஏராளம்.

ஏமாற்றத்துக்குக் காரணம் மண். இதன் குடும்பமான புப்ரெஸ்டிடேயில் பெரும்பாலான புழுக்கள் மரத்தைத் துளைத்து வாழ்பவை. மா, முந்திரியைத் தாக்கும் பெலியோனோட்டா அப்படித்தான். அமெரிக்காவின் டெட்ராய்ட் அருகே 2002இல் கண்டறியப்பட்ட, இதே குடும்பத்து மரகதத் துளைப்பான் கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைச் சாகடித்தது. பொன்வண்டின் புழுவோ மரத்துக்குள் நுழைவதில்லை. மண்ணுக்குள்ளேயே இருந்து வேரைத் தின்று வளர்கிறது. நாம் பார்க்கும் வண்டு, நீண்ட நிலத்தடி வாழ்க்கையின் கடைசிச் சில வாரங்கள் மட்டுமே.

இறக்கையின் பச்சை சாயமல்ல. மெல்லிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் தோன்றும் நிறம். வண்டு செத்தாலும் மங்காது. இதனால்தான் 19ஆம் நூற்றாண்டில் சென்னையிலும் ஐதராபாத்திலும் மஸ்லின் துணியில் பொன்வண்டு இறக்கைகளை ஜரிகையோடு சேர்த்துத் தைத்துச் சீமைக்கு அனுப்பினார்கள். லண்டன் மேடையில் 1888இல் நடிகை எலன் டெர்ரி லேடி மேக்பெத்தாக உடுத்திய ஆடையிலும் வண்டிறக்கைகளே மின்னின. ஓவியர் சார்ஜென்ட் மறு ஆண்டே அந்தக் கோலத்தில் அவரை வரைந்தார்.

பொன்வண்டு தென்படும் வேலமரங்களில் ஒன்றான வெள்வேலத்துக்கு இந்த மேட்டாங்காடுகளில் வேறு பயன்களும் உண்டு. பட்டை தோல் பதனிடவும் சாராயம் காய்ச்சவும் போனது. காய் ஆட்டுக்குத் தீனி. மரத்தை அரிவாளால் கழித்தால் மீண்டும் தழைக்கும், வேரடி மண்ணும் கலையாது. இயந்திரம் வைத்து வேரோடு பெயர்த்தால் மரத்தோடு மண்ணிலிருக்கும் புழுவும் போய்விடும். வேலியோரத்தில் வேலமரம் வைத்திருப்பவர்கள் கிளையைக் கழிக்கட்டும், வேரை விட்டுவைக்கட்டும்.