சாத்தன் என்னும் பெயர்

தமிழ் இலக்கணத்தைச் சிறிதளவேனும் பயின்றவர் எவரும் சாத்தனை மறந்திருக்க மாட்டார். வினைமுற்றுக்கு எடுத்துக்காட்டு வேண்டுமாயின், உரையாசிரியர் சாத்தனை வரச் செய்வார். வேற்றுமையை விளக்க வேண்டுமாயின், சாத்தனுக்கு ஏதேனும் கொடுப்பார். சாத்தனிடமிருந்து ஏதேனும் வாங்குவார். பெண்பாலுக்குச் சாத்தி வருவாள். ஒருவன் போதாத இடத்தில் கொற்றன் என்பவன் துணைக்கு வந்து நிற்பான். வடமொழி இலக்கணிகளுக்குத் தேவதத்தன் எப்படியோ, நம் இலக்கணிகளுக்குச் சாத்தன் அப்படி.

எடுத்துக்காட்டுக்கு எவரும் அரிய பெயரை நாடார். தெருவில் நின்று அழைத்தால் நால்வர் திரும்பிப் பார்க்கக் கூடிய பெயரையே நாடுவர். ஆகவே சாத்தன், கொற்றன் என்னும் இரண்டும் ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் மிகப் பரவலாக வழங்கிய பெயர்களாக இருந்திருத்தல் வேண்டும். இன்றோ, பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டில் சாத்தனைத் தேடிக் காண்பது அரிதினும் அரிது. இலக்கண நூலில் நாள்தோறும் வந்து போகிறவன் வீட்டிலிருந்து எப்போது வெளியேறினான்? ஏன் வெளியேறினான்? இப்பேச்சில் அதையே ஆராய முற்படுகிறேன்.

முதலில் அவன் செல்வாக்கைக் காண்போம். மணிமேகலையின் ஆசிரியர் கூலவாணிகன் சாத்தன், அதாவது தானிய வணிகர். அவரைச் சீத்தலைச் சாத்தனார் என்கிறோம். பிறர் பாட்டில் பிழை காணும்போதெல்லாம் எழுத்தாணியால் தம் தலையைக் குத்திக்கொண்டு, அதனால் சீழ் பிடித்த தலையர் ஆனார் என்னும் கதை சுவையானதுதான். ஆயினும் சீத்தலை என்பது ஊர்ப்பெயர் என்று கொள்வதே அறிவுக்குப் பொருந்துவது. அவரையன்றியும் சங்கத் தொகைநூல்களில் சாத்தனார்கள் பலர் உளர். குமணனைப் பாடியவர் பெருந்தலைச் சாத்தனார். ஆடுதுறையிலிருந்து ஒரு மாசாத்தனார், ஒக்கூரிலிருந்து ஒரு மாசாத்தனார். பேரி சாத்தனார் என்பவர் வடம வண்ணக்கர். பொன்னின் மாற்றறியும் தொழிலினர். மகனைப் போர்க்களத்துக்கு அனுப்பிய தாயைப் பாடிய ஒக்கூர் மாசாத்தியாரும் இப்பெயருக்கு உரியவரே.

புலவர் மட்டும் அல்லர். ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் என்னும் வீரன் இறந்தபோது, குடவாயிற் கீரத்தனார் முல்லைக் கொடியை நோக்கி, இவன் இல்லாத நாட்டில் நீ ஏன் பூத்தாய் என்று கேட்கும் புறநானூற்றுப் பாட்டு, தமிழில் உள்ள கையறுநிலைப் பாடல்களுள் தலைசிறந்தது என்பது என் கருத்து. தானிய வணிகர், பொன் நோட்டக்காரர், மறக்குடித் தாயைப் பாடிய பெண்பாற் புலவர், ஊர்த்தலைவன் மகன் என எந்த ஒரு தொழிலுக்கும் குடிக்கும் உரிமையாகாமல், எல்லோருக்கும் பொதுவாக இப்பெயர் வழங்கியது.

இனி இதன் பொருள். இங்கே இரு வழிகள் பிரிகின்றன. சாத்து என்பது வணிகக் கூட்டம். பொதி மாடுகளும் கழுதைகளும் சுமை சுமக்க, வில்லேந்திய காவலருடன் காடும் சுரமும் கடந்து செல்லும் கூட்டம். மிளகுப் பொதி சுமந்து செல்லும் கழுதைச் சாத்தைப் பெரும்பாணாற்றுப்படையில் காணலாம். சாத்துகளை மறித்துக் கொள்ளையிடும் வேட்டுவரை அகநானூற்றின் பாலைப் பாட்டுகளில் காணலாம். வடமொழியில் சார்த்தம் என்பதும், பிராகிருதத்தில் சத்த என்பதும் இதே சொல். சாத்தை நடத்திச் செல்லும் தலைவன் சார்த்தவாகன். கோவலன் தந்தையின் பெயராகிய மாசாத்துவான் என்பதில் இச்சொல் தெளிவாகவே தெரிகின்றது. இவ்வழியில் சென்றால் சாத்தன் என்பான் சாத்தோடு செல்பவன், ஊர்விட்டு ஊர் செல்லும் வணிகன்.

மற்றொரு வழி சாஸ்தா என்னும் சொல்லுக்கு இட்டுச் செல்லும். கற்பிப்பவன், ஆள்பவன் என்பது அதன் பொருள். பாலி மொழியில் புத்தர் பெருமானைச் சத்தா என்று அழைப்பர். நம் நாட்டில் எல்லைக் காவல் தெய்வமாகிய ஐயனாருக்கும் சாத்தன் என்பது பெயர். சிலப்பதிகாரத்திலேயே பாசண்டச் சாத்தன் என்றொரு தெய்வம் வருகின்றது. பால் விக்கி இறந்த குழந்தையின் உருவில் தானே வந்து வளர்ந்து, தேவந்தி என்பாளை மணந்து, எட்டு ஆண்டு உடன் வாழ்ந்தபின் தன் உண்மை உருவைக் காட்டி நீங்கிய தெய்வம் அது.

வணிகன் என்பதா, தெய்வம் என்பதா எனக் கேட்டால், பிறப்பில் இரண்டும் வெவ்வேறு சொற்கள் என்றும், தமிழ் ஒலிக்குள் புகுந்ததும் ஒன்றாகிவிட்டன என்றும் சொல்வேன். வழிச்செல்லும் வணிகனுக்கு வழித்துணையாகக் காட்டெல்லையில் நிற்கும் தெய்வத்தைவிட வேண்டியவர் யார்? சாத்தோடு செல்பவன் சாத்தனை வணங்கித் தன் மகனுக்கும் சாத்தன் என்று பெயரிட்டிருப்பானாயின், அவன் எந்தப் பொருளை நினைத்து இட்டான் என்று அவனைக் கேட்டாலும் பிரித்துச் சொல்லியிருக்க மாட்டான்.

வழிச்செல்லும் வணிகன் என்றது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. எகிப்து நாட்டில், செங்கடற்கரையில் குசேர் அல்கதீம் என்னும் பழந்துறை ஒன்று உண்டு. கிரேக்கர் அதனை மயோஸ் ஹோர்மோஸ் என்றனர். 1978 முதல் 1982 வரை சிகாகோ பல்கலைக்கழகத்தார் அங்கே அகழ்ந்தபோது, கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த பானை ஓடுகள் இரண்டில் தமிழ்ப் பிராமி எழுத்துகள் காணப்பட்டன. ஒன்றில் கணன் என்றும், மற்றொன்றில் சாதன் என்றும் பொறிக்கப்பட்டிருந்தது. அக்கால எழுத்தில் ஒற்று இரட்டிப்பதைப் பெரும்பாலும் எழுதுவதில்லை. ஆகையால் இவற்றைக் கண்ணன், சாத்தன் என்றே படிக்கலாம். தமிழ்க் கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் 2003-ல் வெளிவந்த தம் பெருநூலில் இவற்றைச் சேர்த்துள்ளார். அதே கடற்கரையில் தெற்கே உள்ள பெரெனிகே துறையில் 1995-ல் கிடைத்த ஓட்டில் கொற்றன் என்னும் தலைவனின் பெயர் உள்ளது என்றும் அவர் படித்துக் காட்டினார். இலக்கண நூலில் இணைபிரியாத சாத்தனும் கொற்றனும் செங்கடல் துறைகள் இரண்டில் தத்தம் பாண்டங்களில் பெயர் பொறித்து வைத்திருந்தனர்!

ஏன் பொறித்தனர்? வேற்று மொழி பேசுவோர் நடுவில், பலர் பொருளும் கலந்து கிடக்கும் துறைமுகத்தில், என் பாண்டம் இது என்று காட்டுவதற்கே. பிழைப்பின் பொருட்டு வெளியூர் வந்து, பாத்திரத்தின் விளிம்பில் பெயர் வெட்டி வைத்துக்கொண்டவர்கள் நம்முள் பலர் உளர். அவர்களுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை.

அந்த இரு ஓடுகளுள் ஒன்றன் பெயர் இன்றும் நம்மிடை உயிரோடு உலவுகின்றது. கண்ணன் என்று பெயரிட்டு அழைக்கப்படாத தெரு தமிழ்நாட்டில் இராது. மற்றொன்றோ மறைந்தது. ஒரே காலத்தில், ஒரே துறையில், ஒத்த நிலையில் கிடந்த இரு பெயர்களுக்கு ஊழ் இவ்வாறு வேறுபட்டது எதனால்?

விடையின் ஒரு பகுதி திருப்பரங்குன்றத்தில் கல்லில் எழுதப்பட்டுள்ளது. பாண்டியன் நெடுஞ்சடையன் ஆட்சியில், 773-ஆம் ஆண்டை ஒட்டி, அங்குள்ள குடைவரைக் கோயில் திருப்பணியைச் செய்தவர் கரவந்தபுரத்தைச் சேர்ந்த மகாசாமந்தர் ஒருவர். பெயர் சாத்தன் கணபதி. அவர் மனைவி நக்கன் கொற்றி துர்க்கைக்கும் சேட்டைக்கும் கோயில் எடுத்தார். தந்தை பெயரை முன்னும் தன் பெயரைப் பின்னும் எழுதுவது அக்கால வழக்கு. நாம் இன்று தலைப்பெழுத்து என்று சுருக்கி எழுதுவது இதன் எச்சமே. வடநாட்டு அலுவலகப் படிவங்களில் குடும்பப் பெயர் என்னும் கட்டத்தை நிரப்பும் பொருட்டுத் தந்தை பெயரைப் பின்னே தள்ளி, ஈற்றில் அலுவலக நண்பர்கள் நம்மைத் தந்தை பெயராலேயே விளிக்கும் நிலைக்கு ஆளாகும் தமிழர்கள், ஆயிரத்து இருநூறு ஆண்டுக்கு முற்பட்ட இவ்வழக்கை அவர்களுக்கு எடுத்துக் காட்டலாம்.

ஆக, அக்கல்வெட்டில் தந்தை சாத்தன், மகன் கணபதி. தந்தைக்கு இருந்த பழம்பெயர் மகனுக்கு இல்லை. மருமகள் மட்டும் இன்னும் கொற்றியாகவே இருக்கிறாள். பக்தி இயக்கம் தமிழகமெங்கும் பரவி, சிவபெருமான் பெயர்களும் திருமால் பெயர்களும் அவர்தம் பரிவாரத்தின் பெயர்களும் வீடுதோறும் நுழைந்த காலம் அது. ஒரு குடும்பத்தைக் கொண்டு நாடு முழுவதையும் அளந்துவிட முடியாது. அதன் பின்னரும் சோழர், பாண்டியர் கல்வெட்டுகளில் சாத்தன்கள் வரத்தான் செய்கின்றனர். எனினும் போக்கு எத்திசையில் என்பது அக்கல்லில் தெரிகின்றது. கண்ணன் என்னும் பெயர் ஆயர்பாடிக் கண்ணனோடு ஒன்றிப் பெருந்தெய்வத்தின் தோளில் ஏறிக்கொண்டது. சாத்தனுக்குக் கிடைத்த தெய்வமோ ஏரிக்கரையில் மண்குதிரைகளுக்கு நடுவே அமர்ந்த ஐயனார். அத்தெய்வத்தின் மீது மக்களுக்கு அன்பு குறைந்ததில்லை. பங்குனி உத்திரத்தன்று தென்பாண்டிச் சீமையில் அவரவர் குலதெய்வச் சாஸ்தா கோயிலுக்குத் திரளும் கூட்டமே சான்று. ஆனால் சாத்தன் என்னும் பழைய தமிழ் வடிவத்தை விட்டுச் சாஸ்தா என்றும், அய்யனார் என்றும், ஐயப்பன் என்றும் அழைக்கத் தலைப்பட்டனர். தெய்வம் பெயரை மாற்றிக்கொள்ள, பிள்ளைகளும் மாற்றிக்கொண்டனர்.

கிறித்தவ வேதத்தில் வரும் சாத்தானோடு ஒலி ஒத்திருந்தமையால் இப்பெயர் கைவிடப்பட்டது என்று கூறுவாரும் உளர். அது எபிரேய மொழியில் எதிரி என்று பொருள்படும் சொல். நம் சாத்தனுக்கு எவ்வகை உறவும் இல்லை. தமிழ்ப் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் அச்சேறியது 1714, 1715 ஆண்டுகளில். அதற்குப் பல நூற்றாண்டு முன்னரே சாத்தன் தேயத் தொடங்கிவிட்டான். மீண்டும் அப்பெயரை இட விரும்பியோர்க்கு இவ்வொலி ஒப்புமை தடையாய் இருந்திருக்கலாம், அவ்வளவே. தூத்துக்குடி மாவட்டத்துச் சாத்தான்குளத்தின் பெயரைக் கேட்டுப் புன்முறுவல் செய்யும் பிறமாநில நண்பர்க்கு, அது பேயின் குளம் அன்று, ஐயனார் குளம் என்று எடுத்துரைக்கலாம். தென்பெண்ணையின் குறுக்கே 1958-ல் அணை எழுந்த சாத்தனூரும், திருமூலர் வரலாற்றில் வரும் சாத்தனூரும் இப்பெயர் தாங்கிய ஊர்களே.

ஊர்ப்பெயரில் மட்டுமன்றி, குலப்பெயரிலும் சாத்தன் ஒளிந்திருக்கிறான். சாத்தன் என்னும் பெயரோடு தந்தை என்னும் முறைப்பெயர் சேர்ந்தால் சாத்தந்தை என்று ஆகும் என்பது தொல்காப்பியப் புணர்ச்சி விதிக்கு உரையாசிரியர் தரும் எடுத்துக்காட்டு. சாத்தந்தையார் என்னும் புலவர் புறநானூற்றில் இருக்கிறார். கொங்கு வேளாளருள் சாத்தந்தை கூட்டத்தார் இன்றும் இருக்கின்றனர். திருமணப் பேச்சில் என்ன கூட்டம் என்று வினவும்போது, தாம் அறியாமலே ஒரு தொல்காப்பிய எடுத்துக்காட்டை விடையாகச் சொல்லுகின்றனர்.

செட்டிநாட்டில் சாத்தப்பன் என்னும் பெயர் வழக்கொழியவில்லை. அது ஐயனாரைக் கருதி இட்ட பெயர்தான். எனினும் கப்பலேறிப் பர்மாவிலும் மலேயாவிலும் தொழில் நடத்திய வணிகக் குலத்தார் இதைக் காத்து வைத்திருப்பது பொருத்தமாகவே படுகின்றது.

மலையாள நாட்டில் சாத்தன் வேறொரு வகையில் பிழைத்தான். குட்டிச்சாத்தன் என்னும் குறும்புத் தெய்வத்தை 1984-ல் வந்த முப்பரிமாணத் திரைப்படத்தால் நாடே அறிந்தது. மக்கட்பெயராகவோ, மேற்குடியினர் வடமொழிப் பெயர்களை ஏற்றபின், இப்பெயர் வயலில் உழைத்த ஒடுக்கப்பட்ட மக்களிடையே தங்கியது. சங்கத்துப் புலவரும் தலைவரும் தாங்கிய பெயர் தாழ்ந்த பெயர் என்று எண்ணப்படும் நிலை அங்கே வந்தது. 1957-ல் கேரளத்தின் முதல் அமைச்சரவை பதவி ஏற்றபோது, உள்ளாட்சித் துறையை ஏற்றவர் புலையர் குலத்திற் பிறந்த பி. கே. சாத்தன் மாஸ்டர். அவர் தம் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை.