பட்டியலில் இல்லாத பீற்றர் தங்கராஜ்

ஐரோப்பாவின் தங்கப்பந்து விருதைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். 1956இல் பிரெஞ்சுச் சஞ்சிகை ஒன்று தொடங்கி, முதலாவதாக இங்கிலாந்தின் ஸ்டான்லி மத்தியூஸுக்குக் கொடுத்த விருது அது. வாசித்துவிட்டுக் கதிரவெளி வாசகர் ஒருவர் கேட்கிறார்: “ஆசியாவுக்கு அப்படி ஒண்டு இல்லையா? நம்மட ஆக்கள் ஆரும் அதை எடுத்திருக்காங்களா?” பின்னேரமானால் பொடியன்மார் கடற்கரை மணலில் பந்தடிக்கிற ஊரிலிருந்து வந்த கேள்வி. பதில் சொல்லாமல் விடலாமா?

விருது உண்டு. ஆனால் பிந்திப் பிறந்த பிள்ளை. ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பு 1954இல் மணிலாவில் உருவானது. ஆண்டின் சிறந்த வீரர் விருதை அது முறைப்படி வழங்கத் தொடங்கியதோ 1994இல். முதல் விருது சவூதியின் சயீத் அல் ஓவைரானுக்கு. அந்த ஆண்டு உலகக் கிண்ணத்தில் பெல்ஜியத்துக்கு எதிராகத் தன் பாதியிலிருந்தே பந்தைக் கொண்டோடிக் கோல் போட்டவர். பிறகு ஜப்பானின் நகாத்தா, ஈரானின் அலி தாயி என்று பட்டியல் நீள்கிறது. அதில் இலங்கையரும் இல்லை, இந்தியரும் இல்லை.

நாற்பது ஆண்டு வெற்றிடத்தில்தான் நம்மவர்களின் கதை கிடக்கிறது. 1935இல் ஹைதராபாத்தில் பிறந்த பீற்றர் தங்கராஜ் இராணுவத்தின் மதராஸ் படைப்பிரிவில் சேர்ந்து பந்து விளையாடியவர். தொடக்கத்தில் முன்கள ஆட்டக்காரர், பிறகுதான் கோல்காப்பாளர். ஆறடிக்கு மேல் உயரம். 1956 மெல்பேர்ன், 1960 ரோம் என இரண்டு ஒலிம்பிக்குகளுக்குப் போனார். மெல்பேர்னில் இந்தியா நான்காம் இடம் பெற்றது. இன்றைய பொடியன்கள் நம்பமாட்டார்கள். 1958இல் ஆசியாவின் சிறந்த கோல்காப்பாளர் என்று தங்கராஜ் அறிவிக்கப்பட்டார்.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு விழாவை இங்கே சொல்லியாக வேண்டும். இஸ்ரேலையும் தாய்வானையும் இந்தோனேசியா சேர்த்துக்கொள்ளாததை இந்திய அதிகாரி சோந்தி கண்டித்ததால், மைதானம் முழுக்க இந்தியாவுக்கு எதிராகக் கூச்சல். பயிற்றுநர் ரஹீமுக்குப் புற்றுநோய். காய்ச்சலால் அரையிறுதியில் ஆடாத தங்கராஜ், இறுதியாட்டத்தில் கோல் கம்பத்தின் கீழ் வந்து நின்றார். முதல் ஆட்டத்தில் இந்தியாவை 2–0 என வென்றிருந்த தென்கொரியாவே எதிரணி. பானர்ஜியும் ஜர்னைல் சிங்கும் கோல் போட, இறுதி நேரத்தில் கொரியாவால் ஒன்றைத்தான் திருப்ப முடிந்தது. 2–1. தங்கம்! அதே அணியில் செகந்திராபாத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளையான துளசிதாஸ் பலராமும் ஆடினார். ஆண்டு விருது அப்போது இருந்திருந்தால் அவ்வருடம் அது இந்த அணியைத் தாண்டிப் போயிருக்காது என்பது என் எண்ணம். தங்கராஜுக்கு 1967இல் அர்ஜுனா விருது கிடைத்தது. 2008இல் பொகாரோவில் காலமானார்.

சரி, பிற்காலத்துப் பட்டியலாவது ஒழுங்கானதா? 2005 முதல், விருது விழாவுக்கு நேரில் வருபவருக்கே விருது என்று கூட்டமைப்பு விதி வைத்தது. ஐரோப்பியக் கழகங்களில் ஆடுபவர்கள் பருவத்தின் நடுவில் ஆட்டத்தை விட்டுவிட்டு விழா மண்டபத்தில் வந்து குந்தியிருக்க முடியுமா? மன்செஸ்டர் யுனைற்றட்டில் ஆடிய பார்க் ஜி சுங் இந்த விருதை ஒருமுறையும் பெறவில்லை. 2012இல்தான் வெளிக் கண்டத்தில் ஆடும் ஆசியருக்கெனத் தனி விருதை உண்டாக்கினார்கள். ஜப்பானின் ககாவா அதை முதலில் வாங்கினார். தென்கொரியாவின் சொன் ஹியுங் மின்னுக்குக் கிடைத்தவையும் இந்த இரண்டாவது விருதுதான்.

ஆகவே கதிரவெளி அன்பருக்கு என் பதில்: நம்மவர் எவரும் அந்த விருதை எடுக்கவில்லை. ஆனால் அந்தப் பட்டியலை வைத்து ஆசியாவின் உதைபந்தாட்டத்தை அளக்கப் போகாதீர்கள். அடுத்த வாரம் ஆபிரிக்கா. 1970இல் அந்தக் கண்டத்தின் முதல் விருதை வாங்கிய மாலி நாட்டு சலீஃப் கெய்ற்றாவிலிருந்து தொடங்குவோம்.