கைநாட்டும் கடவுச்சொல்லும்

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் குறட்டை விட்டுத் தூங்கிட்டிருந்தப்ப, எங்க வீட்டு வாண்டு என் கட்டைவிரலைத் தூக்கி வெச்சு செல்போனைத் திறந்துட்டான். கேம் விளையாடத்தான். ஆனா என் வங்கிக் கணக்கையும் அதே விரல்தானே திறக்குது? தூக்கம் போச்சு. கைரேகையோட சரித்திரத்தைப் புரட்ட ஆரம்பிச்சேன்.

1858. வங்காளத்து ஜங்கிப்பூர். ரோடு போடும் சரளைக்காக கோனாய் என்ற ஒப்பந்தக்காரரிடம் பத்திரம் எழுதி வாங்கினார் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி. பத்திரத்தின் பின்பக்கம் அவர் உள்ளங்கையையும் மை தடவிப் பதிய வெச்சார். எதுக்கு? "இது என் கையெழுத்தே இல்லை"ன்னு பின்னால மறுக்கக் கூடாதுன்னு. 1897ல் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவே வந்தது. ரேகைகளை வகைப்படுத்தும் கணக்கில் அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் இருவரின் உழைப்பு பெரிசு. பேர் மட்டும் மேலதிகாரி ஹென்றிக்கு. வழக்கம்போல!

ஆக, கைரேகை பிறந்ததே கையெழுத்தாகத்தான். நாலு பேர் பார்க்கணும், அதுதான் அதோட வேலை. கடவுச்சொல்லோ யாருமே பார்க்கக் கூடாதது. இந்த ரெண்டையும் நாம குழப்பிக்கிட்டோம்.

விளைவு? 2002ல் ஜப்பானின் மட்சுமோட்டோ ஜெலட்டின் விரல் செஞ்சு சென்சார்களை ஏமாத்தினார். 2013 செப்டம்பரில் ஐபோன் 5எஸ் கடைக்கு வந்த ஓரிரு நாளில், ஜெர்மனியின் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் அதைத் திறந்துகாட்டியது. கண்ணாடியில் படிந்த ரேகையைப் படமெடுத்து, லேசர் பிரிண்டரில் அச்சடிச்சு, அதுமேல் பசை தடவி உரிச்செடுத்த போலித் தோல், அவ்வளவுதான். 2014ல் ஜெர்மானிய அமைச்சர் ஒருவரின் ரேகையை வெறும் புகைப்படங்களில் இருந்தே எடுத்தார்கள். 2019ல் சாம்சங் எஸ்10 திரைக்குள் இருந்த சென்சார், சில சிலிகான் உறைகளைப் போட்டால் யார் விரலுக்கும் திறந்தது. அப்புறம் சரிசெய்தார்கள்.

நியாயமா இன்னொண்ணும் சொல்லணும். ஐபோன் ரேகையைப் படமா வெச்சுக்காது, கணக்கா மாத்தித் தனியிடத்தில் பூட்டி வைக்கும். முன்பின் தெரியாத விரல் பொருந்த 50,000ல் ஒரு வாய்ப்புன்னு ஆப்பிளே சொல்லுது. அஞ்சு தடவை தப்பினால் கடவுக்குறியீடு கேட்கும். தெருவில் போனைக் கண்டெடுத்தவனுக்கு இது போதுமான பூட்டு. பக்கத்தில் படுத்திருக்கும் வாண்டுக்கு இல்லை. கடவுச்சொல் திருடு போனா மாத்திக்கலாம். விரல் மொத்தமே பத்துதான்!

எழுதப் படிக்கத் தெரியாதவரைக் 'கைநாட்டு'ன்னு கேலி பண்ணினோம். இப்ப நாமெல்லாம் தினமும் அம்பது தடவை கைநாட்டு.

வங்கிச் செயலிக்கு மட்டும் விரலை எடுத்துட்டு, ஆறு இலக்க எண் போட்டுட்டேன். வாண்டு இப்ப நான் எண் அடிக்கிறதை ஓரக்கண்ணால் பார்க்கிறான் :-)