மூலவோலையும் ஜொகூர்ப் பட்டாவும்

சுந்தரர் மணப்பந்தலில் கிழித்தெறிந்தது படியோலை. மூலவோலை பின்னர்த் திருவெண்ணெய்நல்லூர் அவையில் வெளிப்பட்டது. பாட்டனார் கையெழுத்தை அவர் எழுதிய வேறோர் ஓலையோடு ஒப்புநோக்கிய பிறகே அவையோர் தீர்ப்புரைத்தனர் என்பது பெரியபுராணச் செய்தி. வீடு வாங்குவோர்க்கு வழக்கறிஞர் செய்யவேண்டிய பணியும் இதுவே. ஆயின் மூலம் எங்கிருக்கிறது என்பதை அவர் அறிந்திருத்தல் வேண்டும்.

ஜொகூரில் ஒரு காலத்தில் ஓலையே உரிமையாக இருந்தது. மிளகும் காம்பிரும் பயிரிட வந்த சீனத் தலைவர்க்குத் தெமங்கோங் இப்ராகிம் 1844இல் 'சூராட் சூங்கை' என்னும் ஆற்றுரிமைச் சீட்டு வழங்கினார். சீட்டைப் பெற்றவர் 'கங்சூ' எனப்பட்டார். அவ்வாற்றங்கரை அவர் ஆட்சிக்குட்பட்டது. இம்முறை 1917இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

இன்றைய முறையின் வேர் தென் ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. அங்கு ராபர்ட் டோரன்ஸ் 1858இல் வகுத்த நெறிப்படி, உரிமையைத் தருவது அரசின் பதிவேடு. 1966 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த தேசிய நிலச் சட்டம், தீபகற்ப மாநிலங்கள் அனைத்தையும் இந்நெறியில் ஒன்றாக்கியது. ஆகவே விற்பவர் கையில் இருக்கும் 'கிராண்டு' படியோலை போன்றது. மூலவோலை நிலப் பதிவகத்தில் உள்ளது. வங்கி அடமானம், பிறர் இட்ட தடைக்குறிப்பு, மாநில அரசின் இசைவின்றி விற்கலாகாது என்னும் கட்டுப்பாடு, விவசாய நிலமா கட்டட நிலமா என்பது ஆகியவற்றைப் பதிவேட்டில்தான் பார்க்கவேண்டும். கிராண்டை மட்டும் புரட்டிப் பார்த்து முன்பணம் கொடுக்கச் சொல்பவர் நல்ல வழக்கறிஞர் ஆகார்.

பதிவேடும் ஏமாறுவதுண்டு. தாய்லாந்து மாது ஒருவரின் பினாங்கு நிலத்தை, அவர் பெயரில் நடித்த வேறொருத்தி 1989இல் விற்றுவிட்டாள். வாங்கியவர்க்கே நிலம் உரியதென்று கூட்டரசு நீதிமன்றம் 2000இல் தீர்ப்பளித்தது. உண்மை உரிமையாளர் வெறுங்கையோடு நின்றார். வழக்கறிஞர் உலகம் பத்தாண்டுக் காலம் அத்தீர்ப்பைக் குறைகூறியது. வேறொரு வழக்கில், 2010 ஜனவரியில், அந்நீதிமன்றமே அது பிழையென்று கூறித் திருத்திற்று. திருத்தம் நீதியானது, ஆயினும் சுமை இப்போது இடம் மாறிவிட்டது. பொய்க் கையெழுத்தாளனிடம் நேரே வாங்கியவர், அறியாமல் வாங்கியிருந்தாலும், உரிமையை இழக்கக்கூடும். எனவே விற்பவர் மெய்யான உரிமையாளர்தாமா என்று ஆராய்வது, பதிவேட்டைத் தேடுவதினும் முதன்மை பெறுகிறது. திருவெண்ணெய்நல்லூர் அவையோர் செய்த வேலை அது.

வீடமைப்பு நிறுவனங்கள் 'வழக்கறிஞர் கட்டணம் இலவசம்' என்று விளம்பரம் செய்வதுண்டு. பலரும் அவ்வழக்கறிஞரைத் தம்முடையவர் என்றே எண்ணிக் கையெழுத்திடுகின்றனர். வீடமைப்பாளர்க்காக வாதாடும் வழக்கறிஞர் அதே விற்பனையில் வாங்குவோர்க்காகவும் செயற்படலாகாது என்று 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழிற்சட்டம் தடைசெய்கிறது. தமக்கென ஒருவரை அமர்த்தாதவர் சார்பில் பதிவகத்தில் தேடுவோர் எவருமிலர்.