குழியை மூடினால் நிலம் திரும்பிவிடுமா?

2023 ஏப்ரல் மாதம். ஒன்றிய அரசின் நிலக்கரி ஏலப் பட்டியலில் சேத்தியாத்தோப்பு கிழக்கு, மைக்கேல்பட்டி, வடசேரி என்று மூன்று தமிழ்நாட்டுப் பெயர்கள் இருந்தன. வடசேரி தஞ்சை மாவட்டம் என்றாலும், எங்கள் புதுக்கோட்டை எல்லைக்கு அதிக தூரமில்லை. எதிர்ப்பு கிளம்பியது, முதலமைச்சர் கடிதம் எழுதினார், சில நாட்களிலேயே மூன்றும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. வயல் தப்பியது என்று எல்லோரும் மகிழ்ந்தோம். ஆனால் ஒரு கேள்வியை அன்று யாரும் கேட்கவில்லை. தோண்டியிருந்தால், பிறகு எது திரும்பி வந்திருக்கும்? யாருக்குத் திரும்பி வந்திருக்கும்?

பதில் நெய்வேலியில் இருக்கிறது. 1956 நவம்பரில் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1957 மே மாதம் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961இல்தான் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளும் மேல்மண்ணை அள்ளுவதிலேயே போயின. திறந்தவெளிச் சுரங்கம் என்றால் அதுதான். நிலக்கரிக்கு மேலே இருக்கும் அத்தனையையும் அகற்ற வேண்டும். அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். மேலே இருந்த வளமான மண் அடியில் போகும், அடியில் கிடந்த உயிரற்ற மண் மேலே குவியும்.

அந்த ஊர்களிலிருந்து வெளியேறியவர்கள் யார்? 1894ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டம் நிலத்தில் உரிமை உள்ளவரைத்தான் பார்த்தது. பட்டா இருந்தால் பணம். அந்த நிலத்தில் நாற்று நட்டவருக்கு, புறம்போக்கில் குடிசை போட்டிருந்தவருக்கு, தரிசில் ஆடு மேய்த்தவருக்கு அதில் இடமில்லை. தமிழ்நாட்டுக் கிராமத்தில் நிலமில்லாதவர் பெரும்பாலும் எந்தத் தெருவில் இருந்தார் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. மூன்றாண்டுகள் அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த கூலித் தொழிலாளியையும் பாதிக்கப்பட்ட குடும்பமாக எண்ணியது 2013ஆம் ஆண்டுச் சட்டம்தான். அதற்குள் நெய்வேலியில் 50 ஆண்டுகளுக்கு மேல் தோண்டியாகிவிட்டது.

மீட்பு நடக்கவே இல்லை என்று நாம் சொல்லவில்லை. மண்மேடுகளில் மரம் நட்டிருக்கிறார்கள், குழிகளில் நீர் தேங்கி ஏரியானது, பறவைகளும் வருகின்றன. ஆனால் மரங்களை எண்ணிக் காட்டினால் அது காடாகிவிடாது என்பது புதுக்கோட்டைக்காரர்களுக்குத் தெரியும். சமஸ்தானக் காலத்துக் காடுகள் பலவற்றை அழித்துத் தைலமரம் நட்டார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பச்சைதான். உள்ளே போனால் புல் இல்லை, சூரைப்பழம் இல்லை, மழைநீர் கண்மாய்க்குப் போகும் வழியும் இல்லை. எங்கள் கோயில்காடுகளில் இன்னும் மிஞ்சியிருக்கும் வீரை, காயா, உலக்கைப்பாலை போன்ற மரங்களுக்கு அடியில் புதர், கொடி, பூச்சி, ஓணான், பறவை என்று ஓர் உலகமே இருக்கிறது. அதில் ஒன்று போனால் மற்றதும் போகும். விறகும் மேய்ச்சலும் பச்சிலையும் அந்த உலகத்தின் பகுதிதான்.

சட்டம் இல்லாமலும் இல்லை. அமெரிக்கா 1977இலேயே சுரங்கத்துக்குத் தனிச்சட்டம் போட்டது. மேல்மண்ணைத் தனியே எடுத்து வைத்துத் திரும்பப் பரப்ப வேண்டும், நிலத்தின் பழைய வடிவத்தைக் கூடியவரை மீட்க வேண்டும், அதற்குப் பிணைத்தொகையை முன்கூட்டியே கட்ட வேண்டும் என்றது. இந்தியாவில் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு மூடல் திட்டமும் அதற்கான வைப்புக் கணக்கும் 2009இல்தான் வந்தன. 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இன்னொன்றைச் சொன்னது. தோண்டிய நிலத்தில் மீண்டும் புல் வளர்க்க வேண்டும், தீவனமும் செடிகொடியும் விலங்கும் வாழத்தக்க நிலையில் விட வேண்டும் என்பதைக் குத்தகை நிபந்தனையாகவே சேர்க்கச் சொன்னது. புல் சின்ன விஷயம் இல்லை, தோழர்களே. நிலமில்லாத வீட்டுக்கு ஆடுதான் சேமிப்பு. அந்த ஆட்டுக்கு வேண்டியது புல்.

இதெல்லாம் நெய்வேலிக் கதை என்று ஒதுக்க முடியாது. 2017இல் நெடுவாசல் எழுந்து நின்றது. 2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் எங்கள் மாவட்டத்தின் அறந்தாங்கி, ஆவுடையார்கோயில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி ஆகிய ஐந்து ஒன்றியங்கள் சேர்ந்தன. மற்ற ஒன்றியங்கள் சேரவில்லை. அங்கே கல்குவாரிகள் இருக்கின்றன. தோண்டி முடித்ததும் விட்டுப்போன குழிகளில் தண்ணீர் நிற்கிறது, பல இடங்களில் வேலிகூட இல்லை.

ஆகவே, அடுத்த கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போகும்போது மூன்று கேள்விகளை எடுத்துச் செல்வோம். மேல்மண் எங்கே வைக்கப்படும்? மூடுவதற்கான பணம் எந்தக் கணக்கில் இருக்கிறது? மீட்ட நிலம் யார் பெயரில் இருக்கும்? மூன்றாவது கேள்வியைச் சூழலியல் தோழர்கள் பலர் கேட்பதில்லை. அதை நாம்தான் கேட்க வேண்டும். நிலம் போகும்போது கணக்கில் வராத நம் மக்கள், நிலம் திரும்பும்போதாவது கணக்கில் வர வேண்டும்.

ஜெய் பீம்.