வலப்பனைச் சாரலிற் காற்றின் திசையறிதல்

காற்று கட்புலனாகாத பொருள். அஃது எத்திசையினின்று வருகின்றது, எத்துணை வலியுடையது என்பவற்றை அதனால் அசைக்கப்படும் பிற பொருள்களைக் கொண்டே மனிதன் உய்த்துணர்கின்றான். சாயும் புகை, திரும்பும் இலை, விரியும் கொடி, நகரும் முகில் ஆகிய யாவும் காற்று எழுதும் எழுத்துக்கள் எனலாம். அவ்வெழுத்துக்களைப் படிக்கும் பயிற்சியை இளம்பருவத்திலேயே விளையாட்டாகத் தருவது பட்டம் விடுதலாகும். காற்றுக்கு முதுகு காட்டி நின்றாலன்றிப் பட்டம் எழாது. ஆகலின், பட்டம் விடுவோன் முதலிற் கேட்கும் வினா, “காற்று எங்கிருந்து வருகின்றது?” என்பதேயாம். இவ்வினா கடற்கரையில் எளிது, மலைநாட்டில் அரிது. இலங்கையின் நுவரெலியா மாவட்டத்து வடகிழக்குப் பகுதியில் அமைந்த வலப்பனையிலோ, இஃது ஒரு விளையாட்டின் வினாவாக மட்டும் நில்லாது, மழையும் வறட்சியும் உயிரும் உடைமையும் சார்ந்த வினாவாக விரிகின்றது.

தமிழர் காற்றைத் திசையாற் பெயரிட்டு அறிந்தவர். கிழக்கினின்று வருவது கொண்டல். மேற்கினின்று வருவது கோடை. வடக்கினின்று வருவது வாடை. தெற்கினின்று வருவது தென்றல். இப்பெயர்கள் புலவர் கற்பனையில் மட்டும் பிறந்தன அல்ல. கலஞ் செலுத்துவோர்க்கும் ஏர் உழுவோர்க்கும் காற்றின் பெயர் காலத்தின் பெயராகவும் விளங்கிற்று. கரிகாற் சோழனின் முன்னோன் ஒருவன் காற்றின் இயக்கத்தைத் தன் ஏவலிற் கொண்டு கடலிற் கலம் ஓட்டினான் என்னும் செய்தியை வெண்ணிக்குயத்தியார் புறநானூற்று 66ஆம் பாட்டில் வைத்துள்ளமை, பருவக்காற்றின் போக்கு பண்டே அறியப்பட்டிருந்தது என்பதற்குத் தக்க சான்றாகும். ஈழத்துக் கரையோரத்தில் சோளகம், கச்சான், வாடை, கொண்டல் என்னும் பெயர்கள் இன்றும் மீனவர் நாவில் வழங்குகின்றன. வல்வெட்டித்துறைக் கடற்கரையிலே தைப்பொங்கலன்று நிகழும் பட்டப் போட்டி அத்திசையறிவின் பெருவிழாவாகும். வடகீழ்ப் பருவக்காற்று கடல்மீது தடையின்றி ஓடிவருதலின், ஆங்கே நிலத்துக் காற்றும் வானத்துக் காற்றும் பெரிதும் ஒத்தேயிருக்கும். முச்சையைச் செவ்வனே கட்டிப் பட்டத்தை உயர்த்தினால், அஃது ஒரே நிலையில் நின்று விண் கூவும்.

இக்கடற்கரை அறிவை அவ்வாறே மலைக்குக் கொண்டுசெல்லல் இயலாது. இலங்கையின் நடுவண் மலைத்தொகுதி 2,524 மீற்றர் உயர்ந்த பிதுருதலாகலையைச் சிகரமாகக் கொண்டு, இரு பருவக்காற்றுக்களுக்கும் குறுக்கே மதில்போல் நிற்கின்றது. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் மோதி மேலெழுந்து, குளிர்ந்து, அட்டன், வட்டவளை முதலிய இடங்களிற் பெருமழை பொழிகின்றது. மழையைப் பொழிந்து உலர்ந்த அக்காற்றே மலைமுகட்டைத் தாண்டிக் கிழக்குச் சரிவில் இறங்குகின்றது. இறங்குங் காற்று ஒவ்வோர் ஆயிரம் மீற்றருக்கும் ஏறக்குறையப் 10 பாகை செல்சியஸ் வெப்பம் பெறும்; ஏறும்போது மழையீரத்தோடு அது இழந்த வெப்பம் இதனினும் குறைவு. ஆதலின், கிழக்கே வந்துசேரும் காற்று வெப்பமும் வறட்சியும் உடையதாகின்றது. இதுவே மட்டக்களப்பார் கச்சான் என வழங்கும் காற்று. கடற்காற்றையும் புறந்தள்ளும் வலிமை அதற்குண்டு. அது வீசும் நாளில் அக்கரையோரத்து வெப்பம் 38 பாகையை நெருங்குதலும் உண்டு.

வலப்பனை இம்மதிலின் கிழக்குப் புறத்தது. கண்டி இராச்சியக் காலத்தில் திசாவனிகளுள் ஒன்றாக விளங்கிய இந்நாடு, குறுந்து ஓயா, உமா ஓயா முதலிய ஆறுகள் மகாவலியை நோக்கி இறங்கும் ஆழ்ந்த பள்ளத்தாக்குகளை உடையது. உயர்ந்த பகுதிகளிலே இராகலை, உடப்புசல்லாவை முதலிய தேயிலைத் தோட்டப் பகுதிகளும், தாழ்ந்த பகுதிகளிலே நெல்வயல்களும் உள்ளன. தென்மேற்குப் பருவத்தில் இந்நாடு காற்றின் மறைவிலும், திசெம்பர் முதல் பெப்ருவரி வரையிலான வடகீழ்ப் பருவத்தில் காற்றின் நேர்முகத்திலும் அமைகின்றது. எனவே, வலப்பனையார்க்கு மேற்கினின்று காற்று வரின் அது வெயிலின் தூது. வடகிழக்கினின்று வரின் அது மழையின் தூது. அட்டனில் இம்முறை தலைகீழாகும். நேர்கோட்டில் நோக்கின் சில பத்துக் கிலோமீற்றரே இடைவெளியுள்ள இரு ஊர்களில் ஒரே காற்று இருவேறு பொருள் தருவது மலைநாட்டின் தனித்தன்மையாம்.

இவ்விடத்து மலையகத் தமிழர் வரலாற்றில் உற்று நோக்கற்பாலதொரு செய்தி உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் தென்னிந்தியாவின் திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டை, திருநெல்வேலி முதலிய பகுதிகளினின்று மக்கள் வந்தனர். அப்பகுதிகள் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கே, தென்மேற்குப் பருவக்காற்றின் மறைவில் உள்ளவை. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்னும் பழமொழி, மழையற்று வீசும் அவ்வுலர்காற்றை அறிந்தோரின் மொழி. அட்டனுக்கும் வட்டவளைக்கும் சென்றோர் ஆடியிலே காற்றோடு கடுமழையையும் பனிமூட்டத்தையும் கண்டனர். தாம் கொண்டுவந்த பருவக் கணக்கை அவர்கள் மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. வலப்பனை, உடப்புசல்லாவைப் பக்கம் சென்றோர்க்கோ ஆடி பெரும்பாலும் ஆடியாகவே இருந்தது: உலர்ந்த மேல்காற்று, ஐப்பசி தொடங்கி மழை. மலையின் எப்புறத்தில் ஒருவன் குடியேற்றப்பட்டான் என்பது, அவனுடைய முன்னோர் தந்த காற்றறிவு அவனுக்குப் பயன்படுமா என்பதையும் முடிவு செய்தது.

ஆடியிலும் ஆவணியிலும் வீசும் இவ்வுலர்காற்றே வலப்பனைப் பக்கத்துப் பட்டத்துக்கு ஏற்றது. மூங்கிற் சிம்பும் தாளும் பசையும் கொண்டு அமைந்த பட்டம் மழையில் நனையின் பயனற்றுப் போகும். எனினும், இங்கே காற்றின் திசையைத் துணிதல் எளிதன்று. மலைச்சரிவிற் குறைந்தது இரண்டு காற்றுக்கள் உள. ஒன்று, முகட்டின் மேலே ஓடும் பருவக்காற்று. மற்றொன்று, சரிவைத் தழுவி எழும் இடக்காற்று. பகலில் வெயிலால் சரிவு சூடேற, பள்ளத்தாக்கினின்று காற்று மேலேறும். இரவில் சரிவு குளிர, காற்று கீழிறங்கும். விடியற்காலையில் லயங்களின் அடுப்புப் புகை பள்ளத்தை நோக்கிப் படிவதும், வெயில் ஏறியபின் அப்புகையே மேட்டை நோக்கித் திரும்புவதும் இதனாலேயாம். இவற்றோடு, முகட்டைத் தாண்டிய பெருங்காற்று அதன் மறைவிற் சுழன்று எதிர்த்திசையில் திரும்புதலும் உண்டு. ஆற்றிலே பெரும்பாறையின் பின்னே நீர் சுழன்று திரும்புவது போன்றதே இது.

எனவே, புகையை மட்டும் நம்புவோன் ஏமாறுவான். கிழக்குக் காற்று என்று துணிந்து, கிழக்குக்கு முதுகு காட்டி அவன் பட்டத்தை எடுப்பான். பட்டமும் மேட்டை நோக்கிச் சிறிது எழும். முகட்டளவு உயர்ந்ததும் மேல்காற்று அதனைத் தாக்கும்; நூல் தளரும்; பட்டம் குப்புற வீழும். நூல் அறுந்தது போன்ற இத்தோல்விக்கு முச்சையோ வாலோ காரணமன்று. காற்று இரண்டாயிருத்தலே காரணம். தேர்ந்தவன் கீழிருந்து மேலாகச் சான்றுகளை ஒழுங்குபடுத்துவான். நனைத்த விரல் எப்புறம் குளிர்கின்றது, தூவிய புற்றுகள் எப்புறம் விழுகின்றது என்பன ஆளுயரத்துக் காற்றைக் காட்டும். தேயிலைத் தொழிற்சாலைப் புகைபோக்கியும் கோயிற் கொடியும் அதற்கு மேலுள்ள காற்றைக் காட்டும். காற்றுத் தடையாக நட்ட மரங்களின் உச்சிக்கிளைகள் எப்புறம் வளைகின்றன என்பது அதனினும் உயர்ந்ததைக் காட்டும். முகட்டைத் தாண்டும் தாழ்முகிலின் நகர்ச்சி யாவற்றுக்கும் மேலான காற்றைக் காட்டும். முகிலை நோக்குங்கால் அசையாத கம்பம் ஒன்றின் நுனியோடு ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும். அன்றேல் கண் மயங்கும். இச்சான்றுகள் யாவும் ஒன்றுபடும் இடமே பட்டம் எடுக்கத்தக்க இடம். அத்தகைய இடம் பெரும்பாலும் மறைவான பள்ளமன்று; காற்று இருபுறமும் தடையின்றி ஓடும் மலைத்தோளோ, கவ்வாத்து வெட்டிய திறந்த மலையோ ஆகும்.

பட்டம் ஒருமுறை உயர்ந்தபின் தானே காற்றுமானியாகின்றது. விடுவோன் நிற்கும் இடத்தினின்று நூல் செல்லும் திசையே காற்றுச் செல்லும் திசை. நூலை விடவிட அத்திசை மாறுமாயின், உயரத்தோடு காற்றின் திசையும் மாறுகின்றது என்க. இவ்வுண்மையை அறிவியலாரும் பயன்படுத்தினர். 1749இல் ஸ்கொத்லாந்தில் அலெக்சாந்தர் வில்சன் என்பார் பல பட்டங்களை ஒரே நூலிற் கோத்து, வெப்பமானிகளை வானில் உயர்த்தினார். 1894இல் அமெரிக்காவின் புளூ ஹில் வானிலை நிலையத்தார் தாமே பதிவுசெய்யும் வெப்பக் கருவியைப் பட்டத்தில் ஏற்றினர். வானூர்தியும் வளிக்கூண்டும் அவ்விடத்தைப் பெறும்வரை பட்டம் வானிலை ஆய்வின் ஏணியாக நின்றது. புகை சாய்தல், இலை சலசலத்தல், சிறுகொடி விரிதல் என்னும் எளிய குறிகளும் அறிவியலுட் புகுந்தன. கடலோடிகளுக்காக 1805இல் பியூபோட் வகுத்த காற்றுப் படிநிலைக்கு, 1906இல் ஜோர்ஜ் சிம்சன் நிலத்துக் குறிகளை அமைத்தார். அதில் புகை சாய்வது முதற்படி. முகத்திற் காற்றுப் படுவதும் இலை சலசலப்பதும் இரண்டாம் படி. கொடி விரிவது மூன்றாம் படி. சிறுவன் கண்ணாற் காண்பதற்கும் அறிஞர் ஏட்டில் எழுதியதற்கும் இடையே வேறுபாடு மிகுதியில்லை.

இலங்கை மலைச்சரிவிலே காற்றின் திசையைப் படித்தவர் பட்டம் விடுவோர் மட்டுமல்லர். நடுவண் மலையின் தென்சாரலில், பலாங்கொடைக்கு அணித்தாயுள்ள சமனலவாவிப் பகுதியில், கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை இரும்பு உருக்கிய உலைகள் அகழ்ந்தறியப்பட்டன. தொல்லியல் அறிஞர் கில் ஜூலெவ் 1996இல் வெளியிட்ட ஆய்வின்படி, மேற்கு நோக்கிய மேட்டு விளிம்புகளில் அமைந்த அவ்வுலைகளைத் துருத்தியின்றித் தென்மேற்குப் பருவக்காற்றே ஊதிற்று. மேட்டின் எவ்விளிம்பில் காற்று இடையறாது பாயும் என்பதை நுணுகி அறிந்தோரே அவ்விடங்களைத் தெரிந்திருத்தல் கூடும். பட்டத்துக்கு மலைத்தோளைத் தேடும் கண்ணும் உலைக்கு மேட்டு விளிம்பைத் தேடிய கண்ணும் ஒரே வகையின.

காற்றைப் படியாதார் இழந்ததும் உண்டு. 1869இல் இலங்கையிற் கண்டறியப்பட்ட கோப்பி இலைத்துரு நோய் சில பத்தாண்டுகளிற் கோப்பிப் பயிரை அழித்தது. 1880இல் இதனை ஆராய வந்த மார்ஷல் வார்ட், ஒட்டும் பூச்சிட்ட கண்ணாடித் தகடுகளைத் தோட்டங்களில் வைத்து, நோய் வித்துக்களைக் காற்றே சுமந்து செல்கின்றது என்பதை மெய்ப்பித்தார். காற்றுக்குக் குறுக்கே மர வேலிகள் வேண்டும் என்பதும் அவர் கருத்து. அவ்வறிவு கோப்பியைக் காக்கும் காலத்தே வந்திலது. பின்வந்த தேயிலைக்கோ அதே காற்றுச் செல்வமுமாயிற்று. சூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் உலர்ந்த மேல்காற்றிற் கொழுந்து மெல்ல வளர்ந்து மணம் செறிதலின், ஊவா, உடப்புசல்லாவைத் தேயிலைகள் அப்பருவத்திற் சிறந்த விலை பெறுகின்றன.

வடகீழ்க் காற்றின் முகம் வேறு. 2007 சனவரியில் அப்பருவப் பெருமழையால் வலப்பனை, ஹங்குராங்கெத்தைப் பகுதிகளில் மண்சரிவுகள் நிகழ்ந்து உயிர்கள் மாய்ந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலைநாடெங்கும் பெருஞ்சரிவுகளை விளைத்தது. மண்சரிவு எச்சரிக்கையை இன்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கின்றது. அதற்குப் பதிலாகப் பட்டத்தைக் கொள்ளுமாறு கூறுவார் யாருமிலர். ஆயினும், எச்சரிக்கை கேட்கும் செவிக்கும் அதன் பொருளை உணரும் உள்ளத்துக்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு. மேல்காற்று ஓய்ந்து வடகிழக்கினின்று முகில் ஏறுவதைத் தானே கண்டறியும் ஒருவனுக்கு, தன் சரிவு காற்றின் நேர்முகத்துக்கு வந்துவிட்டது என்பது சொல்லாமலே விளங்கும்.

மலையகத்து மக்கள் தேயிலை நிறுத்த கணக்கும், ஊதியக் கணக்கும், பேர்ப்பதிவும் ஏடுகளில் உள. அவர்கள் காற்றையும் முகிலையும் படித்த அறிவு ஏடேறவில்லை. முதியோர் நாவிலும் சிறுவர் கைந்நூலிலும் மட்டுமே அது வாழ்கின்றது. மின்கம்பிகளுக்கு அப்பால், திறந்த மலைத்தோளிலே, புகையையும் முகிலையும் ஒப்பிட்டுக் காட்டி ஒரு சிறுவனைப் பட்டம் எடுக்கச் செய்தல் புவியியற் பாடத்தின் சிறந்த செய்ம்முறையாகும். அவ்வாறு கற்பித்து, ஒவ்வொரு தோட்டத்தின் காற்றுக் குறிகளையும் தொகுத்து எழுதிவைத்தல் பள்ளிகளால் இயலும் பணி. முதியோர் உள்ளபோதே செய்யற்பாலதும் ஆகும்.